சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட்டுக்கு 'ஃபைல் போட' பணம் கேக்கறாங்க, கட்டலாமா?

சேரம்பாடி பக்கம் டேன்டீங்கற அரசு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. ஐடிஐ வெல்டர் முடிச்சிருக்காரு, 2002ல பொறந்தவரு. கோயம்புத்தூர் ஏஜென்ட் ஒருத்தர் சிங்கப்பூர் கன்ஸ்ட்ரக்‌ஷன் வேலைக்கு மொத்தம் 3,80,000 ஆகும், அதுல பாதியை இப்பவே 'பெர்மிட்டுக்கு ஃபைல் போட' கட்டணும்னு சொல்லியிருக்காரு. அப்பா இந்த வருசம் ரிட்டயர் ஆகறாரு, கிராஜுட்டி வந்ததும் கட்டிடலாம்னு வீட்டுல பேச்சு. ஏஜென்ட்டே வேணாம்னா நானே ஆன்லைன்ல பெர்மிட்டுக்கு அப்ளை பண்ண முடியுமாண்ணா, எட்டாவது வரைக்கும் படிச்ச மச்சான் வேற விசிட் விசால துபாய் போயிடலாம்னு கூப்பிடறான், என்ன பண்ணட்டும்னு கேட்டிருக்காரு.

தம்பி, நான் சிங்கப்பூர்ல கட்டட வேலையில ரொம்ப வருசம் இருந்துட்டு வந்து இப்ப கூடலூர்ல நம்ம பசங்களுக்கு பேப்பர் பார்த்துக் கொடுத்துட்டு இருக்கேன். உன்னை மாதிரி கேக்கறவங்க எல்லாருக்கும் முதல்ல சொல்றது இதுதான். சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட்டுக்கு நீ அப்ளை பண்ண முடியாது. ஏஜென்ட்டும் உன் பேர்ல சும்மா ஒரு ஃபைல் போட்டு வைக்க முடியாது. அங்க இருக்கற கம்பெனி, அதாவது உன்னை வேலைக்கு எடுக்கற முதலாளி, இல்லைன்னா அவர் சார்பா அங்க லைசென்ஸ் வச்சிருக்கற ஏஜென்சி, அவங்கதான் எம்ஓஎம்கற மேன்பவர் மினிஸ்ட்ரிக்கு அப்ளை பண்ணணும். அப்ளை பண்ற ஃபீஸ் 35 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், பெர்மிட் கார்டு அடிக்க இன்னொரு 35 வெள்ளி, அவ்வளவுதான். அப்போ எந்த கம்பெனின்னே சொல்லாம 1,90,000 ரூபா 'ஃபைல் போட' கேக்கறாருன்னா அந்தப் பணம் எங்க போகுதுன்னு நீயே யோசிச்சுக்கோ. கம்பெனி பேரு தெரியாம ஒரு ரூபா கூட கட்டாதே. இதை மட்டும் வீட்டுல எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்லிடு, ஏன்னா ஏஜென்ட் அப்பாகிட்டதான் பேசுவாரு, உன்கிட்ட பேச மாட்டாரு.

சரி, பெர்மிட் உன் கையில இல்லைன்னா உன் கையில என்ன இருக்குன்னு பார்ப்போம். முதல்ல பாஸ்போர்ட். நம்ம பக்கம் நிறைய பேரு மாட்டிக்கறது இதுலதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

இந்தியாவும் சிலோனும் (இலங்கை) போட்ட 1964 சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துல அங்க இருந்து வந்த குடும்பம்தான் டேன்டீ லைன்ல முக்கால்வாசி. தாத்தா வந்தப்போ கண்டியில கொடுத்த இந்திய பாஸ்போர்ட், குடும்ப அட்டை இதெல்லாம் சில வீட்டுல இரும்புப் பெட்டியில பத்திரமா இருக்கும், சில வீட்டுல மழையில நனைஞ்சு ஒட்டிக்கிட்டு கிடக்கும். உன் அப்பா சின்னப் புள்ளையா வந்திருப்பாரு, அவர் பேரு அந்த பாஸ்போர்ட்டுலதான் இருக்கும், அதுல ஒரு எழுத்து, டேன்டீ ரெக்கார்டுல ஒரு எழுத்து, ஆதார்ல இன்னொரு எழுத்து. நீ 1987 ஜூலைக்கும் 2004 டிசம்பருக்கும் நடுவுல பொறந்தவன், அந்தக் காலத்துல இங்க பொறந்தவங்களுக்கு அப்பா அம்மாவுல ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இருக்கணும்னு சட்டம், அதனால போலீஸ் வெரிஃபிகேஷன்ல அப்பா எங்க பொறந்தாருன்னு கேட்டா பயப்படாம அந்தப் பழைய பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டு. அது கிழிஞ்சிருந்தாலும் பெரிய ஆதாரம், தூக்கிப் போட்டுடாதீங்க, ஒரு நல்ல கலர் ஸ்கேன் எடுத்து வச்சுக்கோங்க.

பர்த் சர்டிபிகேட் இல்லைன்னு நிறைய பேரு கவலைப்படறாங்க. 2023 அக்டோபர் 1ல இருந்து பொறந்த புள்ளைங்களுக்குத்தான் அது மட்டும்தான் செல்லும். உனக்கு ஸ்கூல் டிசி, பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ் இதுல ஒண்ணு பொறந்த தேதிக்கு போதும். ஆனா எல்லாத்துலயும் தேதி ஒண்ணா இருக்கணும். அப்புறம் இனிஷியல். டிசியில இனிஷியலோட இருக்கும், ஆதார்ல இனிஷியல் இல்லாம இருக்கும், பாஸ்போர்ட்டுல இனிஷியலை விரிச்சு அப்பா பேரை முழுசா எழுதணும். அதை எப்படி எழுதறியோ அதுதான் உன் டெஸ்ட் சர்டிபிகேட், பெர்மிட்டுக்கு ஒத்துக்கிட்டதும் வர்ற ஐபிஏ லெட்டர், அங்க பேங்க் அக்கவுண்ட் எல்லாத்துலயும் வரும், அதனால பாஸ்போர்ட்டு எடுக்கறதுக்கு முன்னாடியே ஆதாரையும் மார்க் ஷீட்டையும் ஒரே எழுத்துக்கு கொண்டு வந்துடு. பத்தாவது பாஸ் மார்க் ஷீட் ஒரிஜினலை மறக்காம கொண்டு போ, அதை வச்சுத்தான் உனக்கு இசிஆர் (சில நாட்டுக்கு வேலைக்குப் போக அரசாங்க கிளியரன்ஸ் வேணும்கற குறிப்பு) இல்லாத பாஸ்போர்ட் வரும். சாதாரண 36 பக்க புக்குக்கு 1,500 ரூபா, தட்கால்ல எடுத்தா 3,500. அதுக்கு மேல 'பாஸ்போர்ட் செலவு 12,000'ன்னு யாராவது கேட்டா கொடுக்காதே.

இன்னொண்ணு, இது உன் வீட்டுக்கு ரொம்ப முக்கியம். அப்பா ரிட்டயர் ஆனதும் லைன் வீட்டை காலி பண்ணச் சொல்லுவாங்க. நீ இப்ப இந்த அட்ரஸ்ல அப்ளை பண்ணிட்டு போலீஸ் வெரிஃபிகேஷன் வர்றப்போ வீடு மாறியிருந்தீங்கன்னா ரிப்போர்ட் பாதகமா போயிடும், மறுபடி ஆரம்பத்துல இருந்து அலையணும். ஒண்ணு, அப்பா ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடியே பாஸ்போர்ட்டை முடிச்சிடு, இல்லைன்னா புது அட்ரஸுக்கு ஆதாரை மாத்திட்டு அப்புறம் போடு. கைரேகை விசயமும் பார்த்துக்கோ. கொழுந்து பறிக்கறவங்க, கவாத்து வெட்டறவங்களுக்கு ரேகை தேஞ்சிருக்கும், வெல்டிங் பண்றவங்களுக்கும் தோல் காஞ்சு மெஷின்ல சரியா விழாது. அப்பாயின்ட்மென்டுக்கு ஒரு வாரம் முன்னாடி இருந்தே கைக்கு ரெஸ்ட் கொடுத்து ராத்திரி தேங்காய் எண்ணெய் தேய்ச்சுட்டு படு, அன்னைக்கு காலையில மட்டும் எண்ணெய் வேணாம்.

அடுத்தது டெஸ்ட். நம்ம பசங்க 'சிங்கப்பூர் டெஸ்ட் அடிக்கறது'ன்னு சொல்றது அங்க பிசிஏன்னு ஒரு அரசு அமைப்பு நடத்தற ஸ்கில் டெஸ்ட். இந்தியாவுல இருந்து கட்டட வேலைக்குப் போறவங்களுக்கு இந்த சர்டிபிகேட் இல்லாம பெர்மிட் வராது. தமிழ்நாட்டுல பிசிஏ ஒத்துக்கிட்ட சென்டருங்க இருக்கு, அவங்க பேரு பிசிஏ வெப்சைட்லயே இருக்கும், அதுல இல்லாத சென்டர்ல சேராதே. டெஸ்ட் பாஸ் பண்ணினா வேலை உறுதின்னு சொல்றவங்களை நம்பாதே, சர்டிபிகேட் வாங்கிட்டு வேலை வராம வருசக்கணக்கா உக்காந்திருக்கற பசங்க இருக்காங்க. டெஸ்ட் காசை தனியா கேளு, ஏஜென்ட் காசை தனியா கேளு, ரெண்டையும் சேர்த்து 'பேக்கேஜ்'னு சொன்னா பிரிச்சு எழுதித் தரச் சொல்லு. நீ வெல்டர்ங்கறதால ஷிப்யார்டு, ரிஃபைனரி பக்கம் கூட வேலை இருக்கு, அந்த துறைகளுக்கும் இந்தியாக்காரங்களை ஒர்க் பெர்மிட்ல எடுக்கலாம். எந்தத் துறை, எந்த வேலைன்னு ஏஜென்டுகிட்ட தெளிவா கேட்டுக்கோ.

இப்ப ஐபிஏவுக்கு வருவோம். கம்பெனி அப்ளை பண்ணி எம்ஓஎம் ஒத்துக்கிட்டதும் வர்ற லெட்டர்தான் ஐபிஏ. அதை வச்சுத்தான் நீ ஃப்ளைட் ஏறுவ, கார்டு அங்க போனதுக்கு அப்புறம்தான். கம்பெனி அந்த லெட்டரை தமிழ்ல இருக்கற காப்பியோட நீ கிளம்பறதுக்கு முன்னாடியே உனக்கு அனுப்பணும்னு அங்க சட்டமே இருக்கு. ஏஜென்ட் வாட்ஸ்அப்ல முதல் பக்கத்தை மட்டும் மங்கலா ஒரு போட்டோ அனுப்பினா விடாதே, எல்லா பக்கமும் பிடிஎஃப்பா வேணும்னு கேளு. வந்ததும் எம்ஓஎம் வெப்சைட்ல ஒர்க் பெர்மிட் செக் பண்ற பக்கத்துல போட்டுப் பாரு, போலி ஐபிஏ அடிச்சு ஏமாத்தினவங்க இருக்காங்க.

லெட்டர் உண்மைதான்னு தெரிஞ்சதும் உக்காந்து நிதானமா படி. உன் பேரு, பாஸ்போர்ட் நம்பர், கம்பெனி பேரு, என்ன வேலை. அடுத்து பேசிக் சம்பளம் எவ்வளவு, மாசா மாசம் நிலையா வர்ற அலவன்ஸ் எவ்வளவு, எதுக்கெல்லாம் பிடிப்பாங்க, பிடிக்கறது எவ்வளவு. இந்த நாலு நம்பர்தான் உன் வாழ்க்கை. ஏஜென்ட் வாயால எவ்வளவு வேணா சொல்லலாம், அங்க போய் பிரச்சனைன்னு நின்னா இந்த லெட்டர்ல என்ன இருக்கோ அதைத்தான் எம்ஓஎம் பார்க்கும். ஐபிஏல போட்ட சம்பளத்தை பின்னாடி குறைக்கணும்னா நீ எழுத்துல ஒத்துக்கணும், கம்பெனி எம்ஓஎம்முக்கும் சொல்லணும், அதனால அங்க போய் இறங்கினதும் எதையாவது நீட்டி கையெழுத்து போடச் சொன்னா படிக்காம போடாதே.

ஒரு உதாரணத்துக்கு கணக்கு போட்டுக் காட்டறேன். பேசிக் 600 வெள்ளின்னு வச்சுப்போம். அங்க வாரத்துக்கு 44 மணி நேர வேலை, அதுக்கு மேல ஓவர்டைம், ஒன்றரை மடங்கு. மணிக்கணக்கு எப்படின்னா மாச பேசிக்கை 12ஆல பெருக்கி, 52 வாரம் 44 மணி அதாவது 2,288ஆல வகுக்கணும். 7,200ஐ 2,288ஆல வகுத்தா 3 வெள்ளி 15 காசு வரும், ஒன்றரை மடங்குன்னா 4 வெள்ளி 72 காசு. மாசத்துக்கு ஓவர்டைம் 72 மணி நேரம்தான்னு சட்டத்துல உச்சவரம்பு இருக்கு. அப்போ முழுசா அடிச்சாலும் ஓவர்டைம் 340 வெள்ளிக்குள்ளதான். ஆக மொத்தம் 940. ஏஜென்ட் 'ஓவர்டைம் சேர்த்து 1,800 கையில வரும்'னு சொன்னாருன்னா இந்தக் கணக்கை அவர் முன்னாடியே போட்டுக் காட்டு. அதுல சாப்பாட்டுக்கு கேட்டரிங் காசு, போன், முடி வெட்டறது, சோப்புன்னு போகும். ஓவர்டைம் எல்லா மாசமும் கிடைக்காது, மழை வந்தா, பிராஜெக்ட் முடிஞ்சா வெறும் பேசிக்தான்.

இப்ப அந்த 3,80,000ஐ ரெண்டு வட்டிக்கு வாங்கினன்னு வை. மாசம் 7,600 ரூபா வட்டி மட்டும், வருசத்துக்கு 91,200. 600 வெள்ளி நம்ம காசுக்கு 40,000த்தை சுத்தி வரும், செலவு போக 25,000 அனுப்பினாலே பெரிய விசயம், அதுல வட்டி போனது போக அசலுக்கு என்ன மிஞ்சும்? பெர்மிட் ஒரு தடவை அதிகபட்சம் ரெண்டு வருசத்துக்குத்தான் கொடுப்பாங்க. அதுல பெரும்பகுதி கடனுக்கே ஓடிடும். கிராஜுட்டியில இருந்து எடுத்தா வட்டி இல்லைதான், ஆனா லைன் வீட்டை விட்டு வந்ததும் உங்க குடும்பத்துக்கு ஒரு கூரை போடறதுக்கு இருக்கற ஒரே காசு அதுதான் தம்பி. முப்பது வருசம் அட்டைக்கடியிலயும் மழையிலயும் நின்னு சம்பாதிச்சது. அதுல கை வைக்கறதுக்கு முன்னாடி அம்மாகிட்டயும் கேளு.

அப்போ நியாயமான காசு எவ்வளவுன்னு கேப்ப. இந்தியாவுல வெளியுறவுத் துறை லைசென்ஸ் வாங்கின ஏஜென்ட் சர்வீஸ் சார்ஜா 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், மொத்தம் 35,400க்கு மேல வாங்கக் கூடாது, ரசீது கொடுக்கணும். சிங்கப்பூர்ல இருக்கற ஏஜென்சி ஒரு வருச வேலைக்கு ஒரு மாச சம்பளம், எப்படிப் போனாலும் ரெண்டு மாச சம்பளத்துக்கு மேல வாங்கக் கூடாது. ரெண்டையும் சேர்த்தாலும், நம்ம உதாரண சம்பளத்துக்கு, 1,20,000க்குள்ள வந்துடும். நடைமுறையில ஊர்ல எல்லாரும் மூணு, நாலு லட்சம்னு கொடுத்துத்தான் போறாங்கங்கறது எனக்கும் தெரியும், அதுக்காக அதுதான் ரேட்டுன்னு ஆயிடாது. குறைஞ்சபட்சம் பேரம் பேசறப்போ சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுகிட்டு பேசு.

லைசென்ஸ் இருக்கான்னு பார்க்கறது சுலபம். இமைக்ரேட்கற வெளியுறவுத் துறை வெப்சைட்ல லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் லிஸ்ட் இருக்கு, லைசென்ஸ் இல்லாம ஆள் அனுப்பறவங்கன்னு புகார் வந்தவங்க லிஸ்டும் தனியா இருக்கு, ரெண்டுலயும் தேடு. உன் ஊருக்கு வந்து பேசறவரு 'நான் கோயம்புத்தூர் ஆபீஸோட ஆளு'ன்னு சொன்னா போதாது, சப் ஏஜென்டுன்னு ஒரு வகையே சட்டத்துல கிடையாது. பணம் கொடுத்தா ஆபீஸ் பேர்ல இருக்கற பேங்க் அக்கவுண்டுக்கு மட்டும், கையில கொடுக்காதே, யாரோ மச்சான் ஜிபே நம்பருக்கும் போடாதே.

அங்க போய் இறங்கினதுக்கு அப்புறம் சில பேரு மாட்டறது கிக்பேக். 'உனக்கு வேலை கொடுத்ததுக்கு மாசம் 50 வெள்ளி கொடு', 'பெர்மிட் ரினியூ பண்ண 1,000 வெள்ளி கொடு'ன்னு கம்பெனி ஆளே கேப்பாரு. அது அங்க கிரிமினல் குற்றம், 30,000 வெள்ளி வரைக்கும் ஃபைன், ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயில். அதே மாதிரி உனக்காக கம்பெனி கட்டற 5,000 வெள்ளி செக்யூரிட்டி பாண்டு, மாசா மாசம் அரசாங்கத்துக்கு கட்டற லெவி, மெடிக்கல் இன்சூரன்ஸ் இது எதையும் உன் சம்பளத்துல பிடிக்கக் கூடாது. பாஸ்போர்ட்டை கம்பெனி வாங்கி வச்சுக்கறதும் தப்பு. சம்பளம் வரலைன்னா ஊருக்கு போன் போட்டு அழுதுட்டு இருக்காம உடனே எம்ஓஎம் இல்லைன்னா மைக்ரன்ட் ஒர்க்கர்ஸ் சென்டருக்கு போ, தமிழ் பேசறவங்க இருப்பாங்க. ஐபிஏ, பே ஸ்லிப், எத்தனை மணிக்கு வேலைக்கு போய் எத்தனை மணிக்கு வந்தன்னு நீயே எழுதி வச்ச சின்ன நோட்டு, இது மூணும் கையில இருந்தா உன் பக்கம் பலமா இருக்கும். நோட்டு எழுதற பழக்கத்தை முதல் நாள்ல இருந்தே வச்சுக்கோ.

மெடிக்கல் விசயம். அங்க போன ரெண்டு வாரத்துக்குள்ள டெஸ்ட் எடுப்பாங்க, ஃபெயில் ஆனா திருப்பி அனுப்பிடுவாங்க, கட்டின காசு போச்சு. அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடியே கூடலூர் ஜிஹெச்லயோ ஊட்டியிலயோ ஒரு நெஞ்சு எக்ஸ்ரே, ரத்த டெஸ்ட் எடுத்துடு. வீட்டுல யாருக்காவது டிபி இருந்திருந்தா கண்டிப்பா எடு.

மச்சான் கதைக்கு வர்றேன். அவர் எட்டாவதுதான்னா பாஸ்போர்ட் இசிஆரா இருக்கும். துபாய், சவுதி, கத்தார், குவைத், ஓமன், மலேசியான்னு 18 நாட்டுக்கு இசிஆர் பாஸ்போர்ட்ல வேலைக்குப் போறவங்க இமைக்ரேட்ல கிளியரன்ஸ் வாங்கித்தான் போகணும். இதை தொல்லைன்னு நினைச்சுத்தான் விசிட் விசால போலாம்கறாங்க. அந்த கிளியரன்ஸ்ல என்ன இருக்குன்னா, கம்பெனி யாரு, சம்பளம் என்னன்னு ஒப்பந்தம் நம்ம அரசாங்கத்துகிட்ட பதிவாகும், கூடவே பிரவாசி பீமா யோஜனான்னு ஒரு இன்சூரன்ஸ், ரெண்டு வருசத்துக்கு 275 ரூபா, வெளிநாட்டுல வேலையில இருக்கறப்போ விபத்துல உயிர் போனாலோ நிரந்தரமா ஊனமானாலோ 10 லட்சம் வரைக்கும் கிடைக்கும். விசிட் விசால போனவனுக்கு இது எதுவும் கிடையாது. அங்க விசிட்ல வேலை செய்யறதே சட்டவிரோதம், சம்பளம் தரலைன்னாலும் போய் புகார் கொடுக்க முடியாது, கொடுத்தா முதல்ல மாட்டறது அவன்தான். துபாய்க்கு முறையா போறதா இருந்தா ஆள் எடுக்கற செலவை கம்பெனிதான் ஏத்துக்கணும்னு அந்த நாட்டு சட்டமே சொல்லுது. மச்சான்கிட்ட பொறுமையா எடுத்துச் சொல்லு, அவனும் கடன்லதான் போறான்.

தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ்ல டேட்டா என்ட்ரி வேலை, இங்கிலீஷ் தெரிஞ்சா போதும், டிக்கெட் நாங்களே போடறோம்னு யாராவது வந்தா அந்தப் பேச்சையே எடுக்க விடாதே. அங்க இருந்து மியான்மருக்கு கடத்திட்டுப் போய் ஆன்லைன் மோசடி வேலை பார்க்க வச்சு அடிச்சிருக்காங்க, 2022ல தமிழ்நாட்டுப் பசங்களை மீட்டுக் கொண்டு வந்தாங்க.

ஏஜென்ட்டே இல்லாம வழி இல்லையான்னா, இருக்கு. தமிழ்நாடு அரசோட ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் சென்னை கிண்டியில இருக்கு, 1978ல இருந்து நடக்குது. அவங்க வெப்சைட்ல அப்பப்போ ஆள் எடுக்கற அறிவிப்பு வரும், வெல்டருக்கும் வரும், பெரும்பாலும் வளைகுடா வேலைங்கதான், ஆனா ஒப்பந்தம் சுத்தமா இருக்கும். அதுல இப்பவே பதிஞ்சு வை. சிங்கப்பூர்ல உங்க லைன்ல இருந்து போனவங்க யாராவது இருந்தா அவங்க கம்பெனியில ஆள் எடுக்கறாங்களான்னு கேளு, கம்பெனியே நேரடியா அப்ளை பண்ணினா நடுவுல யாருக்கும் காசு போக வேண்டியதில்லை.

இந்த வாரம் நீ செய்ய வேண்டியது, ஏஜென்டுகிட்ட போய் மூணு கேள்வி கேளு. லைசென்ஸ் நம்பர் என்ன, கம்பெனி பேரு என்ன, ஐபிஏ வந்து நான் செக் பண்ணினதுக்கு அப்புறம் பேங்க்ல கட்டினா ஒத்துக்குவீங்களா. மூணாவது கேள்விக்கு கோவப்பட்டாருன்னா, ஏதாவது ஒரிஜினல் பேப்பர் அவர்கிட்ட கொடுத்திருந்தா கையோட வாங்கிட்டு வந்துடு, அங்க விட்டுட்டு வராதே. ஒத்துக்கிட்டாருன்னா, ஐபிஏ வந்ததும் எல்லா பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துட்டு கூடலூர் வா, சம்பளக் கணக்கை உக்காந்து சேர்ந்தே போட்டுப் பார்த்துடலாம்.